வன்னியில் ஒரு மறைசமூகம்: ரசிகர் புனைவு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மந்திரம் தெரிந்த ஒரு கூட்டம் சாதாரண சனத்தின் கண்ணில் படாமல் வாழ்கிறது என்ற, ‘ஹரி பொட்டர்’ போன்ற மூலக்கதைகளை எடுத்து, நம் மண்ணில் வைத்து எழுதுவோர் கூடிவிட்டார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று களம் எதுவானாலும் வருகிற சந்தேகங்கள் அநேகமாக ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே கோத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திருப்பிச் சொல்லவில்லை. எண்ணைப் பார்த்துப் போய் வாசியுங்கள்.

1. ரசிகர் புனைவுதானே, மூலக்கதையில இருக்கிற உலகத்தை அப்படியே எடுத்தாக் காணாதோ?

கோட்டை, நீராவி ரயில், மந்திர அமைச்சு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுவந்து மாங்குளத்தில் இறக்கினால், பெயர்ப்பலகை மாற்றிய இங்கிலாந்துதான் மிஞ்சும். எடுக்கவேண்டியது விதிகளை. மந்திரம் யாருக்கு வரும், அதனால் எதைச் செய்யவே முடியாது, சாதாரண ஆள் ஒருவர் கண்டுவிட்டால் என்ன தண்டனை என்பவை அவை.

ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். மூலக்கதை வெளிப்படையாகச் சொன்னவை முதலாவதில், அதிலிருந்து ஊகிக்கக்கூடியவை இரண்டாவதில், அது வாயே திறக்காதவை மூன்றாவதில். முதல் நிரலில் கைவைக்காதீர்கள். வாசகர்கள் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வன்னி முழுவதும் மூன்றாவது நிரலுக்குள்தான் வருகிறது. அங்கே உங்களுக்கு முழுச் சுதந்திரம், முழு வேலையும்.

2. மறைஞ்சிருக்கிறதெண்டா காட்டுக்குள்ள கொண்டுபோய் வைக்கலாம்தானே? வன்னியில காட்டுக்கு என்ன குறை?

காடு இருக்கிறது, ஆளில்லாத காடு இல்லை. தேன் எடுப்பவர் போகிறார், பட்டி மாடு தேடுபவர் போகிறார், விறகுக்கும் வேட்டைக்கும் போகிறார்கள், பாலைப்பழக் காலத்தில் சின்னப்பிள்ளைகளும் போகிறார்கள். வன இலாகா எல்லைக்கல் நட்டிருக்கிறது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் சில இடங்களில் நிலத்தை அடி அடியாகத் தடவியிருக்கிறார்கள். கதையில் “யாரும் கால் வைக்காத அடர்காடு” என்று எழுதியதும், ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ இருக்கிற வாசகர் சிரித்துவிடுவார்.

அதைவிடச் சிக்கல் யானை. மறைப்பு மந்திரம் மனிதக் கண்ணை ஏமாற்றலாம். பழுத்த வாழையின் வாசத்துக்கு வரும் யானை சுவரைக் கண்டால் திரும்பும், மாயையைக் கண்டு திரும்பாது. அது உடைத்த தடத்தின் வழியே அடுத்த நாள் ஊர்க்காரர் யானை வெடியோடு வந்து நிற்பார்கள்.

சனத்துக்குள்ளேயே ஒளிப்பதுதான் நின்றுபிடிக்கும். ஒரு குளத்துக் கிராமத்தில் கடைசி வாய்க்கால் ஓரத்தில் பத்து வீடு. எல்லோருக்கும் அவர்களைத் தெரியும், ஒருவருக்கும் முழுக்கத் தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் ஏற்கிறீர்கள் என்றால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் இதில்தான் நிற்கின்றன.

3. எத்தினை பேர் இருக்கலாம்? நான் ஐயாயிரம் எண்டு போட்டிட்டன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேர், கிளிநொச்சியில் 113,000, மன்னாரில் 99,500, வவுனியாவில் 172,000. மொத்தம் 4 இலட்சத்து 77 ஆயிரத்துக்குக் கிட்ட. ஆயிரத்துக்கு ஒருவர் மந்திரக்காரர் என்றால் நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்து 477 பேர். உங்கள் ஐயாயிரம் என்றால் நூறில் ஒருவர். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒருவர் ஏறி இறங்குவார். அதன்பிறகு இரகசியம் என்ற சொல்லுக்கே வேலையில்லை.

477 பேரில் ஆண்டுக்கு எட்டுப் பிள்ளைகள் பிறக்கும் என்று வையுங்கள். ஏழு வகுப்புள்ள பாடசாலை என்றால் மொத்தம் 56 மாணவர். நான்கு இல்லமாகப் பிரித்தால் ஒரு வகுப்பில் ஓர் இல்லத்துக்கு இரண்டு பேர். இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்துக்கே ஆள் காணாது. ஆகவே இரண்டில் ஒன்று: மந்திரக்காரரின் விகிதத்தைக் கூட்டுங்கள், அல்லது பெரிய பள்ளியை விட்டுவிட்டு ஒரு திண்ணை, ஓர் ஆசிரியை, எட்டுப் பிள்ளை என்று எழுதுங்கள். இரண்டாவது கதைக்கு நல்லது. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், சண்டை பிடித்தாலும் விலகிப்போக இடமில்லை.

4. சாப்பாட்டுக்கு என்ன செய்வினம்? மந்திரத்தால சோறு வரவைக்கலாம் எண்டு விடலாமோ?

விடலாம், ஆனால் அதோடு பசி, வேலை, கடன், நிலத்தகராறு எல்லாம் கதையிலிருந்து போய்விடும். வன்னிக் கதையில் இவை இல்லையென்றால் மிச்சம் என்ன? இல்லாததிலிருந்து உணவை உண்டாக்க முடியாது என்று ஒரு விதி வைத்தால் வயல் வந்துவிடும்.

ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 110 கிலோ அரிசி. 477 பேருக்கு 52,000 கிலோவுக்குச் சற்று மேல். நூறு கிலோ நெல் குத்தினால் 65 கிலோ அரிசி என்று வைத்தால் நெல் 80,000 கிலோ வேண்டும். ஏக்கருக்கு 1,500 கிலோ விளைந்தால், விதைநெல்லும் சேர்த்து ஏறத்தாழ 55 ஏக்கர். ஒரு சிறு குளத்தின் கீழ் அடங்கக்கூடிய அளவுதான்.

இனித்தான் சுவாரசியம். குளத்துத் தண்ணீர் ஒருவரின் சொத்து இல்லை. சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் கூட்டம் கூடி, குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைப்பது, ஆருக்கு எவ்வளவு பங்கு, துருசு எப்போது திறப்பது என்று தீர்மானிக்கிறார்கள். உங்கள் மந்திரக்காரர் அந்தக் கூட்டத்தில் கதிரை போட்டு இருந்தாகவேண்டும். கடைசி வாய்க்காலில் இருப்பவருக்கு எப்போதும் தண்ணீர் பிந்தித்தான் வரும். இரவில் துருசுக் கதவை மந்திரத்தால் ஒரு சாண் உயர்த்தினால் போதும் என்ற ஆசை ஒருவருக்கு வரட்டும். அடுத்த நாள் குளக்கட்டில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்ப்பவருக்கு விசயம் பிடிபடும். மூன்று அத்தியாயத்துக்கு வேண்டிய பிரச்சினை இதற்குள் கிடக்கிறது.

5. போன், ட்ரோன், கூகுள் மப் எல்லாம் வந்த பிறகு எப்படி மறைக்கிறது?

பொதுவாக மூன்று வழி எடுக்கிறார்கள்: இடத்துக்குப் போகவே முடியாமல் செய்வது, கண்டும் கவனிக்காமல் செய்வது, கண்டவரின் நினைவை அழிப்பது. மூன்றாவதுதான் அதிகம் கைகொடுப்பதுபோல் தோன்றும், முதலில் உடைவதும் அதுதான். முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிறுத்திய ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் கண்டால் ஐம்பது தலையை அழிக்கலாம். அதில் ஒருவர் எடுத்த வீடியோ பத்து நிமிசத்தில் கனடாவுக்கும் சுவிஸுக்கும் போய்விட்டால் யாருடைய தலையை அழிப்பது?

விண்வெளிப் படத்தில் வீடு தெரிவதைவிட வயல் தெரிவது ஆபத்து. ஆடி மாதம் சுற்றுப்புறம் முழுக்கக் காய்ந்து மண்ணிறமாகக் கிடக்க, நடுவில் 55 ஏக்கர் பச்சைச் சதுரம் இருந்தால் கந்தோரில் இருக்கும் எந்த நில அளவையாளருக்கும் கண்ணில் குத்தும். 2ஆம் பதிலில் சொன்னபடி ஊர் வயலோடு வயலாகக் கலந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

எந்த மறைப்பை வைத்தாலும் நான்கு விடயத்தை எழுதி வையுங்கள்: எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு, யார் காவல், எதனால் உடையும். உதாரணத்துக்கு: நாற்பது யார் (கெஜம்) வட்டம், ஒரு போகம், ஒரு கிழவி, மழைத்தண்ணீர் பட்டால் இளகும். கடைசி விடயம் இல்லாமல் மறைப்பு வைத்தால் கதையில் ஒருபோதும் எதுவும் நடக்காது. மாரியில் இளகும் மறைப்பு என்றால் ஐப்பசி தொடங்கித் தை வரை உங்கள் ஆட்களுக்கு நித்திரை இல்லை.

6. பதிவுகள்? விதானையாருக்குத் தெரியாமல் ஒரு குடும்பம் இருக்கேலுமோ?

ஏலாது. கிராம அலுவலரிடம் பதியாத குடும்பத்துக்கு வாக்காளர் இடாப்பு இல்லை, நிவாரணம் இல்லை, காணி அனுமதிப்பத்திரம் இல்லை, பிள்ளைக்குப் பாடசாலை அனுமதியும் இழுபறி. எனவே பதிந்திருக்கட்டும், பொய்யான விபரத்தோடு. 150 வயதுக்காரரின் பெயரில் மூன்றாம் தலைமுறை அடையாள அட்டை ஓடுவது நல்ல நகைச்சுவை. போரில் உடமையோடு பத்திரங்களையும் தொலைத்த குடும்பங்களுக்கு நடமாடும் சேவைகள் வைத்துப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வழங்கினார்கள். ஒரு மறைகுடும்பம் பதிவேட்டுக்குள் நுழைய அந்த வரிசையை விட இயல்பான இடம் இல்லை.

பதினொரு வயதில் பிள்ளைக்கு மாயப்பள்ளிக் கடிதம் வருகிற காட்சியை எல்லோரும் எழுதுகிறார்கள். இங்கே அது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிந்த கையோடு வருகிற வயது. “வெட்டுப்புள்ளி எத்தினை?” என்றுதான் தாய் முதலில் கேட்பார். பிறகு, 2016இலிருந்து கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. பிள்ளை இடையில் நின்றுவிட்டால் அதிபர் கேட்பார், வலயக் கல்விக் காரியாலயம் கேட்கும், சிறுவர் உரிமை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். பகலில் ஊர்ப்பள்ளி, பின்னேரம் ‘ரியூசன்’ என்ற பெயரில் மந்திரப்பாடம் என்று வைத்தால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். பின்னேரம் ரியூசனுக்குப் போகாத பிள்ளைதான் இங்கே சந்தேகத்துக்குரியது.

7. ஹரி பொட்டர் மூலக்கதையில, மந்திரக்காரர் மறைஞ்சிருக்கவேணும் எண்ட இரகசியச் சட்டம் 1692இல வந்தது. வன்னிக்காக ஆர் கையெழுத்து வைச்சது?

இப்படிக் கேட்கிறவரிடம் நல்ல கதை இருக்கிறது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்தது, 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. வன்னியை அவர்கள் முழுதாக ஆளவில்லை. வன்னியர் தலைவர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்து, கொடுக்காமல் விட்டு, பாதிச் சுதந்திரத்தோடு இருந்தார்கள். ஆகவே அந்தக் காலத்தில் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த ஒல்லாந்த மந்திரவாதி ஒருவர் வன்னிக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்திருக்கலாம், வன்னி மந்திரக்காரருக்கு அது தெரியாமலே. “நாங்கள் வைக்காத கையெழுத்து” என்பது இன்றுவரை நீளும் வழக்காகலாம்.

இன்னொரு கணுவும் இருக்கிறது. வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்து, அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் கற்சிலைமடுவில் தோற்றான். இந்த இரண்டு மாதத்துக்குள் சட்டத்தை மீறி உதவிய ஒரு மந்திரக்காரரை வைத்து எழுதலாம். வெற்றியையே மந்திரத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வாள் பிடித்தவர்களிடமிருந்து வெற்றியைப் பறித்தால் வாசகர் உங்களை மன்னிக்கமாட்டார்.

8. மந்திரச்சொல் எந்த மொழியில வேணும்? சமஸ்கிருதமோ, லத்தீனோ?

இரண்டும் வேண்டாம். வன்னியில் சூடு மிதித்த காலத்தில், களத்து நெல்லைப் பூதங்கள் அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கையால் களத்துக்குள் வழக்கமான சொற்களை விட்டு வேறு சொற்களில் பேசினார்கள். அன்றாடப் பொருளுக்கெல்லாம் களத்தில் வேறு பெயர். அறுவடை இயந்திரம் வந்தபின் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. மறைசமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடித்தளம் உண்டா? வேலை செய்யும் இடத்தில் மட்டும், கேட்கக்கூடாத காது கேட்டுவிடாமல் இருக்க, சாதாரணச் சொல்லை மறைத்துப் பேசுவது. உங்கள் சொற்களை இந்த முறையில் செய்யுங்கள்: குறுகியவை, இரண்டு அல்லது மூன்று அசை, மாடு சாய்க்கும்போது கத்தக்கூடியவை.

விசகடி வைத்தியர்களும் பூசாரிமாரும் உண்மையில் ஓதுகிற மந்திரங்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அவை குருவிடமிருந்து சீடனுக்கு என்று கைமாறுகிறவை. உயிரோடு இருக்கிற குடும்பங்களின் முதுசம்.

9. மந்திரக்கோலுக்கு என்ன மரம்?

கருங்காலி, முதிரை, பாலை, வீரை, மருது. பாலையும் வீரையும் வைரமான காட்டுமரம். மருது குளக்கட்டிலும் ஆற்றங்கரையிலும் நிற்பது, தண்ணீர் சம்பந்தப்பட்ட மந்திரத்துக்குப் பொருந்தும். மரக்கடத்தலைப் பிடிக்கச் சோதனை நடக்கிற இடம் இது. ஒரு கட்டுக் கருங்காலிக் கோலோடு மோட்டார் சைக்கிளில் போகிற கோல் செய்பவரைப் பொலிஸ் மறிக்கட்டும்.

10. கோயில்களை எப்படிச் சேர்க்கிறது? ஐயனாரை மந்திரக்காரர் எண்டு வைக்கலாமோ?

வைக்காதீர்கள். வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். “அது உண்மையில் எங்கள் கதாநாயகியின் மந்திரம்” என்று எழுதினால் ஒரு ஊரின் நம்பிக்கையைப் பொய் என்று சொன்னதாகிறது, கதைக்கும் லாபமில்லை. புதூர், புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில்களுக்கும் மடு மாதாவுக்கும் இதே விதிதான்.

உங்கள் மந்திரக்காரரும் அந்தச் சனத்தில் ஒருவர். அவரும் வளந்து (பொங்கல் பானை) நேர்ந்து பொங்குவார், நேர்த்தி வைப்பார், ஓகஸ்ட் 15க்கு மடுவுக்குப் போவார். கோல் வைத்திருப்பவருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பயம் வரும், அந்தப் பயத்தில் அம்மனிடம் போவார். அம்மனுக்கும் மந்திரத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கவேண்டாம்.

11. ‘தூய இரத்தம்’ பார்க்கிற மந்திரக் குடும்பங்களை இஞ்ச எப்படி எழுதுறது?

புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, அதுதான் கஷ்டம். சாதி இருக்கிறது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களைக் கூலிவேலைக்கு வைத்துக்கொண்டு காணிக்கு மட்டும் தள்ளிவைத்த வரலாறு இருக்கிறது. மாயக்கதையின் ‘கலப்பு இரத்தம்’ என்ற சொல்லை இங்கே கொண்டுவந்தால் வாசகர் உடனே இவற்றை நினைப்பார். நினைக்கட்டும், ஆனால் நீங்களும் தெரிந்து எழுதவேண்டும். எந்தக் குடும்பம் எந்த வாய்க்காலில் இருக்கிறது (4ஆம் பதில்), யாருடைய வீட்டில் யார் தண்ணீர் குடிக்கமாட்டார், கலியாணப் பேச்சு எங்கே நின்றது என்ற மூன்றையும் எழுதினால் இரத்தம் என்ற சொல்லே தேவைப்படாது.

முல்லைத்தீவின் தண்ணீரூற்றிலும் மன்னாரிலும் இருந்த முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டார்கள். உங்கள் மறைசமூகத்தில் முஸ்லிம் குடும்பம் ஒன்றிருந்தால் அந்த ஆண்டு அவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குப் பதில் வைத்திருங்கள். மந்திரக்கார அயலவர் வாய் மூடி நின்றார்களா என்பதற்கும்.

12. கதை நடக்கிற ஆண்டு அவ்வளவு முக்கியமோ?

வன்னியில் ஐந்து ஆண்டு தள்ளினால் வேறு நாடு. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை. ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். அந்த இருட்டில் மறைவது சுலபம், ஆனால் ஒரு வீட்டில் மட்டும் புகையில்லாத வெளிச்சம் தெரிந்தால் ஊர் முழுக்கப் பார்க்கும். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தது. வன்னிக்குள் வர ஓமந்தையிலோ முகமாலையிலோ இறங்கிச் சோதனை முடித்து வரவேண்டும். 2006 ஓகஸ்ட்டில் பாதை மறுபடி பூட்டியது. ‘மாயக் கதவு’ காட்சியை இந்தக் காலத்தில் வைத்தால், கதவென்றால் என்ன என்று விளக்கவேண்டிய அவசியமே இராது. கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்தது 2013 செப்டெம்பரில்தான். ரயில் இல்லாதிருந்த போர்க்கால ஆண்டுகளில் நடக்கும் கதையில் பாத்திரத்தைக் கிளிநொச்சி ரயிலில் ஏற்றாதீர்கள்.

13. இவ்வளவு சக்தி இருந்தும் போரை ஏன் நிப்பாட்டேல்ல?

எல்லா வாசகரும் கேட்பார்கள், கதைக்குள் யாராவது ஒருவர் கேட்டே ஆகவேண்டும். “சட்டம் தடுத்தது” என்ற பதில் மட்டும் காணாது. 3ஆம், 5ஆம் பதில்களுக்குத் திரும்புங்கள்: மொத்தம் 477 பேர், அதில் பாதி பிள்ளைகளும் கிழடுகளும். நாற்பது யார் வட்டத்துக்கு மறைப்புப் போடக்கூடியவர்கள். எறிகணைக்கு முன் இது எதற்குக் காணும்?

இன்னும் கூர்மையான பதில் இடத்துக்குள்ளேயே இருக்கிறது. 2008இலிருந்து ஊர் ஊராக வன்னி வெறுமையானது; சனம் கிழக்கே நகர்ந்து நகர்ந்து 2009இல் புதுமாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கரைக்குப் போய்ச்சேர்ந்தது. சனத்துக்குள் ஒளிந்திருந்தவர்களுக்குச் (2ஆம் பதில்) சனம் போனபின் ஒளிய இடமேது? வெறும் ஊரில் தனித்து நிற்கும் பத்து வீடு ஆகாயத்திலிருந்து பளிச்சென்று தெரியும். அவர்களும் தறப்பாளைக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு நடந்திருப்பார்கள், மற்றவர்களைப்போலவே இழந்திருப்பார்கள், பிறகு மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்றிருப்பார்கள். பங்கருக்குள் ஒருத்தி தன் பிள்ளைக்கு மட்டும் மறைப்புப் போட்டாளா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் போட்டாளா என்பதை எழுதுங்கள். நாட்டையே காப்பாற்றும் மந்திரத்தைவிட அது கனமானது.

நடந்த அழிவை ஒரு தீய மந்திரவாதியின் வேலையாக்காதீர்கள். குண்டு போட்டதும் சுட்டதும் மனிதர்கள். கற்பனையில்கூட அவர்களை விடுவிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

14. காணாமல் போன அண்ணா மறைசமூகத்தில உயிரோட இருக்கிறார் எண்டு கடைசியில ஒரு திருப்பம். நல்லாயிருக்குமோ?

இதை வேண்டாம் என்றே சொல்வோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டம் நடத்தி வருகிறார்கள். பதில் கிடைக்காமலே இறந்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மகள் உங்கள் வாசகியாக இருக்கலாம். அவர் கண்ணுக்கு அந்தத் திருப்பம் எப்படி இருக்கும்?

அதே விடயத்தைத் திருப்பிப் போடலாம். ஆளைத் தேடும் மந்திரம் இருக்கிறது, தங்கை அதைச் செய்கிறாள், மந்திரம் பதில் சொல்லவில்லை. உயிரோடு இல்லாததாலா, மந்திரம் எட்டாத இடத்தில் வைத்திருப்பதாலா என்று அவளுக்குத் தெரியாது. மந்திரக்காரிக்கும் சாதாரணத் தாய்க்கும் அங்கே வித்தியாசம் இல்லை. எழுதுவதானால் அந்த மந்திரத்தின் எல்லையை முன் அத்தியாயத்திலேயே, சின்ன விசயம் ஒன்றில், தொலைந்த மாடு தேடும்போது காட்டிவிடுங்கள். கடைசியில் புது விதி கொண்டுவருவது கள்ள ஆட்டம்.

15. இவ்வளவையும் முதல் அத்தியாயத்தில எப்படிச் சொல்லி முடிக்கிறது?

சொல்லவே வேண்டாம். கொப்பியில் எழுதியதில் பத்தில் ஒன்று கதைக்குள் வந்தால் போதும். முதல் அத்தியாயத்தில் ஒரே ஒரு விதி, அதுவும் ஏச்சாக வரட்டும். “மானம் கறுக்குது, அப்பாச்சியை வேலிக்கரைக்குப் போகச் சொல்லு, நீ ஏன் இன்னும் நிக்கிறாய்?” இந்த ஒரு வரியில் 5ஆம் பதிலின் மழையும் காவல்காரக் கிழவியும் வந்துவிட்டன. ஏன் வேலிக்கரை என்று வாசகர் மூன்றாம் அத்தியாயம் வரை யோசிக்கட்டும்.

பேச்சை யாழ்ப்பாணத் தமிழாக மட்டும் எழுதிவிடாதீர்கள். குடியேற்றத் திட்டங்களில் தீவார், வடமராட்சியார், மலையகத்தார், ஆதி வன்னியார் எல்லோரும் அடுத்தடுத்த வளவில் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் தாயின் பேச்சும் தகப்பனின் பேச்சும் வேறாக இருக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பாட்டன் எந்த ஊர் என்று கொப்பியில் குறித்துவிட்டு உரையாடலைத் தொடங்குங்கள்.